யார் தோளில் சிலுவை

கிறிஸ்தவ நம்பிக்கையில் தியாக அன்புக்கும் இறைத்திருவுளத்துக்குப் பணிதலுக்கும் ஊற்றுக்கண் ஒரே இரவில் இருக்கிறது. கைது செய்யப்படுவதற்குச் சற்று முன்னர், கெத்சமனித் தோட்டத்தில் இயேசு தரையில் விழுந்து மன்றாடினார். அந்த மன்றாட்டுக்கு இரண்டு பாகங்கள் உண்டு. துன்பக் கிண்ணம் தன்னைவிட்டு அகலட்டும் என்று முதலில் கேட்கிறார். பிறகு, தன் விருப்பத்தை ஒதுக்கி, தந்தையின் விருப்பம் நிறைவேறட்டும் என்று ஒப்புக்கொடுக்கிறார். மத்தேயு நற்செய்தியின்படி இது மூன்று முறை நிகழ்ந்தது. தவக்கால மறையுரைகளில் இரண்டாம் பாகம் நிறையப் பேசப்படுகிறது. முதல் பாகம் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. அது விடுபட்டால் மன்றாட்டின் பொருளே மாறிவிடும். வலி வேண்டாம் என்று மூன்று முறை கேட்டவர்தான் கடைசியில் பணிந்தார். கேட்பது விசுவாசக் குறைவென்றால், அந்தக் குறை முதலில் அவரையே சாரும்.

யோவான் நற்செய்தி இதனோடு இன்னொன்றைச் சேர்க்கிறது. தன் உயிரை யாரும் தன்னிடமிருந்து பறித்துக்கொள்ளவில்லை, தானாகவே அதைக் கொடுப்பதாக அங்கே இயேசு சொல்கிறார். தியாகம் பற்றிய கிறிஸ்தவ அறநெறி முழுவதும் இந்த இரண்டு செய்திகளின் மேல்தான் நிற்கிறது: துன்பம் நீங்க வேண்டும் என்று கேட்கும் உரிமை, கொடுப்பவரின் சுதந்திரம். ஆண்டவர் சித்தம் என்று சொல்லி ஒருவர் தன் துன்பத்தை ஏற்பது ஒன்று. அதே சொல்லைச் சொல்லி இன்னொருவரைத் துன்பத்தில் இருக்கச் சொல்வது வேறொன்று. இரண்டும் ஒரே சொல்லில் நடப்பதால் அவற்றைப் பிரித்தறிவது கடினமாகிறது. ஆனாலும் பிரித்தே ஆக வேண்டும்.

புதுச்சேரிக்கு மேற்கே வில்லியனூரில் இந்தச் சொல் தினமும் புழங்குகிறது. அங்குள்ள லூர்து அன்னை திருத்தலம் 1877-ஆம் ஆண்டைச் சேர்ந்தது; மாதாவின் சுரூபம் பிரான்சிலிருந்து வந்தது. ஈஸ்டரை அடுத்துக் கொடியேறும் ஆண்டுத் திருவிழாவுக்குக் கத்தோலிக்கர் மட்டும் வருவதில்லை. திருக்காமீஸ்வரர் கோயில் தேருக்கு வடம் பிடிக்கும் குடும்பங்களும் மாதா குளத்துத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு போகின்றன. பிள்ளை வேண்டி, சுகம் வேண்டி, குடிக்கும் கணவன் திருந்த வேண்டி, வெளிநாட்டில் இருக்கும் மகன் பத்திரமாகத் திரும்ப வேண்டி மெழுகுவத்திகள் எரிகின்றன. திருத்தலம் என்பது மக்கள் வாய்திறந்து கேட்கும் இடம். கெத்சமனி மன்றாட்டின் முதல் பாகத்துக்கு அங்கே நிறையவே இடமுண்டு. ஆனால் கேட்டவர் எல்லோருக்கும் கேட்டது கிடைப்பதில்லை. கிடைக்காதவர் அதன்பின் எப்படி வாழ்வது என்பதுதான் விசுவாசத்தின் கடினமான கேள்வி.

இந்தக் கேள்விக்குத் தன் வாழ்க்கையால் விடை சொன்னவர், வில்லியனூர் வழிபாட்டின் தொடக்கத்திலேயே இருக்கும் பெர்னதெத் சுபிரு. 1858-இல் லூர்து ஊரின் மசபியேல் குகையில் பதினெட்டு முறை மாதாவின் காட்சியைக் கண்டதாகச் சொன்ன பதினான்கு வயதுச் சிறுமி அவர். அந்த ஊற்று நீரைத் தேடி இன்றும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் போகிறார்கள். 1883-இல் அங்கே தொடங்கிய மருத்துவ அலுவலகம் சுகமானதாகச் சொல்லப்படும் ஆயிரக்கணக்கானவற்றை ஆராய்ந்திருக்கிறது. திருச்சபை புதுமை என்று ஏற்றவை எழுபதை ஒட்டியவையே. பெர்னதெத்தின் உடலுக்கோ அந்த ஊற்று நிலையான சுகத்தைத் தரவில்லை. சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. 1866-இல் நெவேர் நகரத்துக் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். மருத்துவ அறையில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். பிறகு எலும்புக் காசம் முழங்காலைத் தின்றது. 1879 ஏப்ரல் 16 அன்று முப்பத்தைந்து வயதில் இறந்தார். மடத்தில் சேர்ந்த பிறகு லூர்துக்கு அவர் திரும்பவே இல்லை.

ஒப்புக்கொடுத்தல் என்பதன் தூய வடிவம் இதில் தெரிகிறது. அந்த நோய்க்கு அன்றைய மருத்துவத்திடம் மருந்தில்லை. அதை யாரும் அவர் மேல் ஏற்றவுமில்லை. தன் வலியைக் காட்டி ஊற்றைப் பழிக்கவில்லை. ஊற்றைக் காட்டி மற்ற நோயாளிகளை வாயடைக்கவும் இல்லை. தான் நோயாளியாக இருந்துகொண்டே பிற நோயாளிகளைத் துடைத்துப் படுக்க வைத்தார். 1984-இல், லூர்து அன்னை திருநாளான பிப்ரவரி 11 தேதியிட்டு, மனிதத் துன்பம் பற்றித் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒரு திருமடல் எழுதினார். அதன் கடைசிப் பகுதி நல்ல சமாரியன் உவமைக்குப் போகிறது. துன்பம் உலகில் இருப்பதற்கான காரணங்களுள் ஒன்று, அது அன்பைத் தட்டி எழுப்ப வேண்டும் என்பது அவர் வாதம். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்து இது இறைவன் சித்தம் என்று சொல்லிக் கடந்து போகும் ஒருவருக்கு அந்த உவமையில் நல்ல பெயர் கிடைக்காது.

இறைவன் சித்தம் எது, மனிதர் செய்கை எது என்ற பிரச்சினை வில்லியனூர்த் திருத்தலத்தின் காலத்திலேயே இருக்கிறது. 1877 தாது வருஷப் பஞ்சத்தின் நடுக்காலம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பிடித்த அந்தப் பஞ்சத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாகக் கணக்கிடப்படுகிறது. மழை பொய்த்தது உண்மை. அதை யாரும் செய்யவில்லை. ஆனால் அதே காலத்தில் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டே இருந்தது. பிரிட்டிஷ் அரசின் பஞ்ச ஆணையராக வந்த ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலையில் கல்லுடைத்தவர்களின் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் என்ற அளவுக்குக் குறைத்தார். வில்லியனூர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தாலும், எல்லைக்கு அப்பால் இருந்த ஆற்காட்டுச் சீமையின் பசி எல்லைக்கோட்டில் நின்றுவிடவில்லை. அந்த ஆண்டில் மாதாவின் முன் மண்டியிட்டவர்களில் எத்தனையோ பேர் தங்கள் இழப்பை ஆண்டவர் சித்தமென்று ஏற்றிருப்பார்கள். அவர்களுடைய விசுவாசத்தைக் குறைத்துப் பேச எவருக்கும் உரிமையில்லை. கூலியைக் குறைத்தவரும் அதையே சொல்லியிருந்தால் அது தெய்வ நிந்தனை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோதும் இதே பிரித்தறிதல் தேவைப்பட்டது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி, பாகூர்ப் பகுதியின் ஆற்றோர ஊர்களைச் சூழ்ந்தது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற மண்ணில் பயிர் மூழ்கியது. வானத்திலிருந்து விழுந்த மழையை யாரும் தடுத்திருக்க முடியாது. அணைத் தண்ணீரை எப்போது திறப்பது, எச்சரிக்கை எத்தனை மணி நேரத்துக்கு முன் கிராமத்துக்குப் போய்ச் சேர்வது, வாய்க்கால்கள் தூர்வாரப்பட்டிருந்தனவா என்பவை மனிதர் பொறுப்பு. சேற்றில் நின்று, போனது போகட்டும், ஆண்டவர் உயிரைக் காப்பாற்றினார் என்று ஒரு விவசாயி சொன்னால் அது பெரிய மனதின் சொல். அதே சொல்லைப் பொறுப்பில் இருப்பவர் எடுத்துக்கொண்டால் அது தப்பித்தல். சொல் ஒன்றுதான், சொல்லும் வாய் வேறு. அறம் அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

விரும்பி ஏற்ற தியாகத்துக்கு இருபதாம் நூற்றாண்டில் மறுக்க முடியாத சான்று மாக்சிமிலியன் கோல்பே. 1941 ஜூலை இறுதியில் ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து ஒரு கைதி தப்பியதாகக் கருதப்பட்டது. அதற்குத் தண்டனையாகப் பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்லத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் பிரான்சிஷெக் கயோவ்னிசெக் என்ற போலந்து வீரர் தன் மனைவியையும் பிள்ளைகளையும் நினைத்துக் கதறினார். துறவியான கோல்பே வரிசையிலிருந்து வெளியே வந்து அவர் இடத்தைக் கேட்டு வாங்கினார். இரண்டு வாரம் பட்டினி கிடந்தும் உயிர் பிரியாததால் ஆகஸ்டு 14 அன்று நச்சு ஊசி போட்டுக் கொன்றார்கள். கயோவ்னிசெக் 1995 வரை வாழ்ந்தார். இந்த நிகழ்ச்சியை அலசும்போது ஒன்று தெளிவாகிறது. கோல்பே வேறு யாரையும் கைகாட்டவில்லை. பக்கத்தில் நின்ற இன்னொரு கைதியைப் பார்த்து, உனக்குக் குடும்பமில்லையே, நீ போ என்று அவர் சொல்லியிருந்தால், காப்பாற்றப்பட்ட உயிர் அதே ஒன்றுதான்; செயல் கொடுமையாகியிருக்கும்.

2017 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ், புனிதர் நிலைக்கு உயிர்க் கொடை என்ற புதிய வழியொன்றைத் திறந்தார். பிறருக்காக உயிரை ஈந்தவரை அந்த அடிப்படையில் ஆராய அவர் வைத்த வரையறைகள் இந்தக் கட்டுரையின் கேள்விக்கு நேரே பொருந்துகின்றன: கொடை சுதந்திரமாகவும் மனமுவந்தும் இருக்க வேண்டும், அன்பின் பொருட்டு இருக்க வேண்டும், விரைவில் வரும் உறுதியான மரணத்தை அந்த அன்புக்காகவே ஏற்றிருக்க வேண்டும். வற்புறுத்தலில் வந்த மரணம் இதில் சேராது. சாவைத் தேடிப் போவதும் சேராது.

தமிழ் மண்ணின் புனிதர் தேவசகாயத்தின் கதையும் இந்த வரையறைக்குள் வைத்துப் பார்க்கத் தக்கது. நட்டாலத்தில் பிறந்து திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய நீலகண்டன், சொத்து இழப்புகளால் மனம் தளர்ந்திருந்தபோது டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். 1745-இல் நீலகண்டன் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றார், 1749-இல் கைதானார், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அவருடைய துணிவு பாடப்படுவது நியாயம். ஆனால் திருமுழுக்கில் ஞானப்பூ என்று பெயர் கொண்ட அவர் மனைவி பார்கவியும் அதே இழப்பைச் சுமந்தார். தியாகம் செய்பவரின் முடிவு அவரோடு நிற்பதில்லை. வீட்டில் இருப்பவரின் வாழ்வையும் பிடித்து இழுக்கிறது. எனவே தியாகத்தை எடைபோடும்போது, கொடுத்தவர் தன்னுடையதை மட்டும் கொடுத்தாரா, மற்றவருடையதையும் கேட்காமல் கொடுத்துவிட்டாரா என்பதையும் பார்க்க வேண்டும்.

இந்தக் கேள்வியின் மிகக் கூர்மையான வடிவம் ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போன கதை. தமிழில் அதற்கு இணையாகச் சேக்கிழார் சொல்லும் சிறுத்தொண்டர் கதை உண்டு. தகப்பன் தன் பக்தியை மகனின் உடலால் காட்டலாமா? 1843-இல் டேனிஷ் சிந்தனையாளர் சோரன் கீர்க்ககோர் ஒரு முழு நூலே எழுதி இந்த இடத்தில் நடுங்கினார். இரண்டு கதைகளிலும் பிள்ளை கடைசியில் பெற்றோரிடம் உயிருடன் சேர்கிறது. விவிலியத்தில் தூதர் வானத்திலிருந்து கூப்பிட்டுத் தடுக்கிறார். பிறருடைய உயிரைக் கொண்டு தன் பக்தியை நிரூபிக்க வேண்டாம் என்பதே அங்கே கடைசியாகக் கேட்கும் குரல்.

கிராமத்து வீடுகளில் இந்தக் குரல் கேட்காமல் போகும் இடங்கள் உண்டு. புதுச்சேரியின் சாராயமும் மலிவான மதுவும் ஊரறிந்தவை. வில்லியனூர், பாகூர்ப் பகுதி கிராமங்களில் குடித்துவிட்டு அடிக்கும் கணவனோடு வாழும் பெண்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். கிறிஸ்தவப் பெண்ணிடம் கூடுதலாக ஒரு வாக்கியம் சொல்லப்படுகிறது: இது உன் சிலுவை, ஆண்டவருக்கு ஒப்புக்கொடு. சொல்பவர் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. மாமியார் சொல்கிறார், அண்ணன் சொல்கிறார், சில நேரம் குருவானவரும் சொல்கிறார். சொல்லும்போது தங்கள் சிரமத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. அவள் பொறுத்துக்கொண்டால் பஞ்சாயத்து வேண்டாம், போலீஸ் ஸ்டேஷன் வேண்டாம், தாய்வீட்டில் ஓர் அறை ஒதுக்க வேண்டாம். அவளுடைய தியாகத்தால் லாபம் அடைபவர்களே அதைத் திருவுளம் என்று அறிவிக்கும்போது அந்த அறிவிப்பைச் சந்தேகிப்பது நியாயம்.

திருச்சபையின் சட்டமும் போதனையும் இங்கே அந்தப் பெண்ணின் பக்கம் நிற்கின்றன. கணவனோ மனைவியோ மற்றவரின் உடலுக்கோ மனத்துக்கோ பெரும் ஆபத்தை உண்டாக்கினால் பிரிந்து வாழ நியாயமான காரணம் இருப்பதாகத் திருச்சபைச் சட்டத்தின் 1153-ஆம் பிரிவு சொல்கிறது. குடும்ப அன்பு பற்றி 2016-இல் வெளியிட்ட மடலில் திருத்தந்தை பிரான்சிஸ், வன்முறையிலிருந்து மனைவியையும் பிள்ளைகளையும் காக்கப் பிரிவு சில வேளைகளில் அறநெறிக் கடமையாகவே ஆகலாம் என்று எழுதினார். இந்திய நாட்டில் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்குப் பாதுகாப்பு ஆணையும் அந்த வீட்டிலேயே குடியிருக்கும் உரிமையும் தருகிறது. கிண்ணம் அகலட்டும் என்று கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறது. ஆனால், கணவன் திருந்துவான் என்று நம்பி, ஆபத்தை அறிந்து, வழி திறந்திருந்தும் தங்குவேன் என்று ஒருத்தி முடிவெடுத்தால்? இந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. வெளியே போகும் கதவு உண்மையிலேயே திறந்திருந்தால்தான் தங்குவது கொடையாகும். வருமானமும் இல்லை, போக இடமும் இல்லை என்ற நிலையில் தங்குவதை அவளுடைய தியாகம் என்று புகழ்வது, பூட்டிய அறையில் இருப்பவரின் பொறுமையைப் புகழ்வதாகும். பிள்ளைகளும் அடி வாங்கினால் தங்கும் முடிவு அவளுடையது மட்டும் இல்லை. ஆபிரகாமின் கேள்வி அங்கே திரும்பி வருகிறது.

ஒப்புக்கொடுத்தல் பிறருக்குக் கதவைத் திறந்த வரலாறும் வில்லியனூர் சேர்ந்துள்ள புதுச்சேரி உயர்மறைமாவட்டத்திலேயே உண்டு. 1844-இல் புதுச்சேரியில் துப்புயி அடிகளார், பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பதற்காக உள்ளூர்ப் பெண்களைக் கொண்டே மரியாயின் மாசற்ற இருதயக் கன்னியர் சபையைத் தொடங்கினார். பெண் படிப்பதே ஊருக்கு ஒவ்வாத காலம் அது. அதில் சேர்ந்த பெண்கள் கல்யாணத்தையும் சொந்த வீட்டையும் விட்டார்கள், ஏச்சையும் கேட்டார்கள். அவர்கள் விட்டது அவர்களுடையது. அதன் பலன் போய்ச் சேர்ந்தது, பலகையில் முதல் எழுத்தை எழுதிய அடுத்த வீட்டுச் சிறுமிகளுக்கு. துறவறத்தின் கீழ்ப்படிதலிலும் தலைமை அத்துமீறும் ஆபத்து இருக்கவே செய்கிறது. ஆயினும் பலவீனமானவரின் வாழ்வு அதனால் வளர்ந்ததா என்று கேட்டால், அந்தச் சபையின் பள்ளிக்கூடங்கள் விடை சொல்கின்றன.

சாதியில் இந்த விடை தலைகீழாகிறது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1745-இல் புதுச்சேரிச் சம்பா கோயிலில் நடந்த ஒரு தகராறைப் பதிவு செய்திருக்கிறது. கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவரைப் பிரித்து ஒரு சுவர் இருந்தது. எல்லோரும் ஆண்டவரின் பிள்ளைகள் என்றால் இந்தச் சுவர் எதற்கு என்று அவர்கள் குருக்களிடம் போய்க் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது, உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். அங்கே தியாகம் செய்ய வேண்டியிருந்தவர்கள் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த உயர்சாதியினர். விட வேண்டியிருந்தது வெறும் கௌரவம். அதைக்கூட விட மனமில்லாதவர்கள், அடுத்த பக்கத்தில் இருந்தவர்களிடம் தாழ்ச்சி என்ற புண்ணியத்தை எதிர்பார்த்தார்கள். 263 ஆண்டு கழித்து, 2008 மார்ச்சில், இதே உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தார்கள். சிலுவையைத் தூக்கச் சொல்லும் சபை, முதலில் தன் கையில் இருக்கும் சலுகையை இறக்கி வைத்திருக்க வேண்டும். பாதம் கழுவும் பெரிய வியாழன் சடங்கில் குனிபவர் குருவானவர்தான். அந்த வரிசையை மாற்றிவிட்டால் சடங்குக்கே பொருள் இல்லை.

அரசும் தலித் கிறிஸ்தவரின் தோள்களின் மேல் ஒரு விலையை ஏற்றியிருக்கிறது. பட்டியல் சாதியினருக்கான 1950-ஆம் ஆண்டு ஆணை இந்துக்களுக்கென்று தொடங்கி, 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டது. புதுச்சேரிக்கு 1964-இல் தனியாக வந்த ஆணையும் இதே வழியில் நடக்கிறது. கிறிஸ்தவராகப் பதிவு செய்துகொண்ட ஒரு தலித் குடும்பம் கல்வியிலும் வேலையிலும் பட்டியல் சாதிக்குரிய ஒதுக்கீட்டை இழக்கிறது. சேரி மட்டும் அதே சேரி. சான்றிதழுக்காக ஒரு பெயர், கோயிலில் இன்னொரு பெயர் என்று வாழ்வோரும் உண்டு. அவர்களைக் கோழைகள் என்பது அநியாயம். பிள்ளையின் படிப்பை யாருக்காக எந்த அளவுக்குப் பணயம் வைப்பது என்ற கேள்வி அவர்கள் முன் உண்மையாகவே நிற்கிறது. இழப்பை அறிந்தே கிறிஸ்தவர் என்று எழுதிக்கொடுக்கும் குடும்பத்தின் முடிவில் தியாக அன்பு சந்தேகமின்றி இருக்கிறது. ஆனால் அந்த விலையை வைத்தது இறைத்திருவுளம் இல்லை, ஓர் அரசாணை, ஆணையை மாற்றலாம். ஒருவர் மனமுவந்து செலுத்துகிறார் என்பதால் அநீதியான வரி நியாயமாகிவிடாது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் அளித்த அறிக்கையில் பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரிக்கப் பரிந்துரைத்தது. 2004-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு இருபது ஆண்டு கடந்தும் முடிவு காணாமல் நீண்டது. 2022-இல் ஒன்றிய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையத்தை அமைத்தது.